கூரையில்லாக் காரில் பாட்டு நின்றால்: அறிகுறி பார்த்துப் பிழை பிடித்தல்

கார்த்திகை மழை தொடங்கினால் கூரையில்லாத பழைய வாகனங்கள் ஒவ்வொன்றாக என் பட்டறைக்கு வரும். மொறிஸ் மைனர் ரூறர், துணிக்கூரை கிழிந்த வில்லிஸ் ஜீப், எப்போதாவது ஒரு ஒஸ்ரின். மார்கழியில் கல்யாணம் இல்லை. தை பிறந்தால் மாப்பிள்ளை அழைப்புக்கு இவற்றைத்தான் கேட்பார்கள். அதனால் மார்கழி முழுவதும் எனக்கு இதே வேலை. வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒரே வசனம்: “தம்பி, பாட்டுச் செற்றுக்குள் மழைத்தண்ணீர் போய்விட்டது.”

பாதிப்பேர் சொல்வது பிழை. அவர்களுடைய செற்றில் ஒரு துளி தண்ணீரும் இராது, காரின் உடற்தகட்டோடு இணையும் ஏர்த் வயர்தான் துருப்பிடித்துக் கிடக்கும். மற்றப் பாதிப்பேரின் செற்றில் தண்ணீர் இருக்கும். ஆனால் அது மேலிருந்து விழுந்த மழையாக இருப்பது அரிது. வயரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்த தண்ணீர் அது. ஆகவே சிலிக்கன் குழாயை எடுக்குமுன் அறிகுறியைப் பாருங்கள்.

வேண்டியவை அதிகம் இல்லை. ஒரு டிஜிற்றல் மீற்றர், இரண்டு வயர் பிடித்த 12 வோல்ற் பல்ப், ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு செம்புத் தண்ணீர். பற்றரியில் கைவைப்பதென்றால் ஏர்த் பக்கத்தை முதலில் கழற்றிக் கடைசியில் பூட்டுங்கள்.

பியூஸ் போட்ட கணமே எரிகிறது

வயரைத் தேடாதீர்கள், பற்றரியைப் பாருங்கள். எந்த முனையிலிருந்து காரின் உடற்தகட்டுக்குத் தடித்த பட்டி போகிறது? அது பொசிற்றிவ் முனையாக இருந்தால் நோய் அதுதான். 1948 முதல் 1969 வரை வந்த மைனர் ரூறர்களும் அந்தக் காலத்துப் பெரும்பாலான பிரித்தானியக் கார்களும் பொசிற்றிவ் ஏர்த் வாகனங்கள். இன்றைய அம்பிளிபையர்கள் பலவற்றின் அலுமினியக் கூடு நெகற்றிவ்வோடு இணைந்திருக்கும். அதை ஆணி போட்டுத் தகட்டில் இறுக்கினீர்களானால் பற்றரியின் இரண்டு முனைகளையும் நீங்களே முட்டவைக்கிறீர்கள். பியூஸ் எரிந்தது உங்கள் அதிர்ஷ்டம். பியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டி ஈயத்தாள் சுற்றியிருந்த ஒரு காரில் கம்பளமே கருகியிருந்தது.

அம்பிளிபையரை மரப்பலகையில் பூட்டி உடற்தகட்டில் படாமல் வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. ஸ்பீக்கர், ஏரியல், தொலைபேசிச் சார்ஜர் என்று ஏதாவது ஒன்று ஒரு நாள் தகட்டில் தொடும், அன்றைக்கு முடிந்தது. என் தெரிவு, காரை நெகற்றிவ் ஏர்த்துக்கு மாற்றிவிடுவது. ஒரு முற்பகல் வேலை:

பற்றரியைத் திருப்பி வையுங்கள். பொசிற்றிவ் முனை நெகற்றிவ்வைவிடச் சற்றுத் தடித்தது என்பதால் பழைய பிடிகள் மாறிப் பொருந்தா, புதிய பிடி வாங்கவேண்டும். இக்னிஷன் கொயிலின் இரண்டு சிறு வயர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். அம்பியர் மீற்றர் இருந்தால் அதன் வயர்களையும் மாற்றுங்கள். பிறகு டைனமோ. அதன் டி (மின் வெளிவரும் முனை), எஃப் (உள்ளிருக்கும் காந்தச் சுருளின் முனை) வயர்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, பற்றரியின் லைவ் முனையிலிருந்து, அதாவது ஏர்த் அல்லாத மற்ற முனையிலிருந்து, எடுத்த வயரை எஃப் முனையில் இரண்டு மூன்று முறை கண்ணிமைக்கும் நேரம் தொட்டெடுங்கள். சின்னப் பொறி பறக்கும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மறந்தால் டைனமோ பழைய திசையிலேயே மின் தரும், ரெகுலேற்றர் பெட்டிக்குள் இருக்கும் கட்-அவுட்டின் தொடுமுனைகள் உருகிவிடும்.

இரண்டு எச்சரிக்கை. எஸ்.யூ. பெற்றோல் பம்பில் பழைய பொயின்ற் வகை எந்தத் திசையிலும் ஓடும். டயோட் வைத்த வகைக்குத் திசை உண்டு. இக்னிஷனுக்கு யாராவது எலெக்ட்ரோனிக் மொடியூல் போட்டிருந்தால் அதற்கும் அப்படியே. வேலை முடிந்ததும் பற்றரித் தட்டில் “நெகற்றிவ் ஏர்த்” என்று பெயின்றால் எழுதிவிடுங்கள். உங்களுக்குப் பிறகு கைவைப்பவருக்கு அது தெரியவேண்டும்.

பியூஸ் நன்றாக இருக்கிறது, அம்பிளிபையரில் சிவப்பு விளக்கும் வரவில்லை

ஜீப்பாக இருந்தால் முதலில் மீற்றரைப் பற்றரியில் வையுங்கள். உலகப்போர்க் காலத்து வில்லிஸ் எம்.பி. 6 வோல்ற் வண்டி. 12 வோல்ற் செற்றை அதில் பூட்டினால் ஒன்றும் நடக்காது. காராக இருந்தால் அம்பிளிபையரை எழுப்பிவிடும் மெல்லிய ரிமோட் வயர் அறுந்திருக்கும். அந்த முனையில் 12 வோல்ற் இல்லையென்றால் மற்ற எதையும் தேடவேண்டாம்.

ஊர்வலத்தில் பாட்டு வெட்டி வெட்டிப் போகிறது

தனியாக ஓட்டிப் பார்க்கும்போது நன்றாகப் பாடும். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு தவிலுக்குப் பின்னால் நடைவேகத்தில் போகும்போது, தாளம் விழும் ஒவ்வொரு இடத்திலும் செற் அணைந்து திரும்பும். பிழை செற்றில் இல்லை.

1990களின் முதற்பாதியில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, கையால் மிதிகட்டையைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். சுற்றுகிற கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கிப்போகும். காரின் டைனமோவும் அதே சாதிதான். லூக்காஸ் சி39 உச்சமாக 19 அம்பியர், சி40 என்றால் 22. அதுவும் எஞ்சின் நன்றாகச் சுழலும்போது. சும்மா நின்று முறுமுறுக்கும் எஞ்சினில் அது தருவது கிட்டத்தட்டப் பூச்சியம். டாஷ்போட்டில் சிவப்பு விளக்கு மினுங்குவது அதைத்தான் சொல்கிறது.

இப்போது செலவைப் பாருங்கள். இரண்டு ஹெட்லைற்றும் ஏழு அம்பியர், இக்னிஷன் மூன்று, உரத்துப் பாடும் அம்பிளிபையர் எட்டு. பதினெட்டு அம்பியரும் பற்றரியிலிருந்தே போகின்றன. 40 அம்பியர்-மணிப் பற்றரி ஒரு மணித்தியாலத்தில் பாதியை நெருங்கிவிடும். பல அம்பிளிபையர்கள் 10, 10.5 வோல்ற் அளவில் தம்மைத் தாமே அணைத்துக்கொள்ளும். பற்றரி 11.5 காட்டும்போதே செற் நிற்கிறது என்றால் மிச்சத்தை வயர் தின்றுவிட்டது.

எவ்வளவு தின்கிறது என்பதை அளக்கலாம். பாட்டு உரத்துப் பாடும்போது மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் லைவ் முனையிலும் மற்றதை அம்பிளிபையரின் லைவ் முனையிலும் வையுங்கள். 0.5 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் வயர் மெலிவு. பிறகு பற்றரியின் ஏர்த் முனைக்கும் அம்பிளிபையரின் ஏர்த் முனைக்கும் இடையே பாருங்கள். 0.2-க்கு மேல் என்றால் ஏர்த் பழுது. என் அனுபவத்தில் இந்த இரண்டாவது அளவுதான் அதிகம் பேசும். எழுபது வயதுத் தகட்டில் ஐந்து பூச்சுப் பெயின்ற் இருக்கும், அதற்குமேல் ஆணியை இறுக்கியிருப்பார்கள். வெள்ளி நிறம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, பல்வளையம் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

வயர் விடயத்தில் ஊரில் ஒரு கெட்ட பழக்கம்: வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 7/0.67-ஐக் காரில் இழுப்பது. அது 2.5 சதுர மில்லிமீற்றர். நான்கு மீற்றர் தூரத்துக்கு 20 அம்பியர் ஓடினால் அதிலேயே 0.6 வோல்ற் போய்விடும். ஏழு தடித்த இழைகளும் காரின் அதிர்வில் ஒவ்வொன்றாக முறியும். 6 சதுர மில்லிமீற்றர் மென்னிழை வயர் எடுங்கள், வெள்ளீயம் பூசியது கிடைத்தால் இன்னும் நல்லது. பற்றரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்கவேண்டும்.

வயர் திருந்தினாலும் டைனமோ திருந்தாது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் காரென்றால் பின்பெட்டியில் இரண்டாவது பற்றரி ஒன்று வைத்து, முதல் நாள் இரவே வீட்டில் சார்ஜ் ஏற்றிவிடுவது மலிவான வழி. டைனமோ வடிவிலேயே செய்த ஆல்ற்றனேற்றர்களும் வருகின்றன. பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, காசு கொடுப்பவருக்குத் தெரியும். அம்பிளிபையர் வாங்கும்போது கிளாஸ் டி வகையாகக் கேளுங்கள். பழைய வகை, எடுக்கும் மின்னில் பாதியைச் சூடாக்கியே வீணாக்கும்.

எஞ்சினோடு சேர்ந்து ஊளையிடுகிறது

மூன்று விதமான சத்தம் உண்டு. வேகம் கூடக் கூட மேலேறும் “ஙீ...” என்ற ஊளை டைனமோவின் கரித்துண்டுகளிலிருந்து வருவது. வேகத்தோடு கூடும் “டிக்டிக்” இக்னிஷன். எஞ்சினைத் திருப்பாமல் சாவியை மட்டும் போட்டாலும் கேட்கும் “டக்... டக்” பெற்றோல் பம்ப்.

எதையும் கழற்றுமுன் தொலைபேசியைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டதா? வேலை முடிந்தது. ஒரே தொலைபேசிக்குச் சார்ஜர் வழியாக ஓர் ஏர்த், பாட்டு வயர் வழியாக இன்னோர் ஏர்த். இரண்டுக்கும் நடுவில்தான் அந்த ஊளை ஓடுகிறது. புளூடூத்தில் பாடவிட்டால் போதும்.

நிற்கவில்லையென்றால் டைனமோவின் டி முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே 1 மைக்ரோஃபரட் கொள்ளளவி ஒன்றைப் பூட்டுங்கள். டி என்பது பெரிய முனை. தவறியும் எஃப் முனையில் பூட்டவேண்டாம், ரெகுலேற்றரின் தொடுமுனைகள் கருகிவிடும். இக்னிஷன் சத்தத்துக்கு இன்னொரு கொள்ளளவி, கொயிலில் சாவிப் பக்கத்து வயர் வரும் முனையில். டிஸ்ரிபியூற்றர் பக்கத்தில் பூட்டினால் எஞ்சின் சரியாக ஓடாது. பிளக் வயர் செம்புக் கம்பியாக இருந்தால் கரிவகைக்கு மாற்றுங்கள்.

மழைக்குப் பிறகு கரகரக்கிறது

ஸ்பீக்கரின் கூம்பில் நான்கு விரல்களையும் சமமாக வைத்து மெல்ல உள்ளே தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. மணல் அரைபடுவதுபோல் உரசினால் காந்த இடுக்கில் துரு ஏறிவிட்டது, அந்த ஸ்பீக்கரைத் திருத்துவதில் காலத்தைச் செலவிடவேண்டாம். உரசலும் இல்லை, ஆனால் கரகரப்பு இருக்கிறது என்றால் வயரைக் கழற்றி மீற்றரை வையுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3.2-இலிருந்து 3.8 வரை காட்டவேண்டும். அந்த எண் நிலையாக நின்றால் ஸ்பீக்கர் “ஓம்” என்று சொல்லிவிட்டது. எண் துள்ளினால் முனையில் பச்சை பிடித்திருக்கிறது.

கடதாசிக் கூம்புள்ள ஸ்பீக்கரைக் கூரையில்லாக் காரில் பூட்டுவது வீண். படகுக்கென்று செய்த ஸ்பீக்கரில் கூம்பு பொலிபுரொப்பிலீன், விளிம்பு ரப்பர், ஆணி துருப்பிடியா உருக்கு. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையும் சரியாக வாசியுங்கள். ஐபி 67 என்றால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும் என்று பொருள். பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்று அது சொல்லவில்லை. அதற்கு இரண்டாவது இலக்கம் 5 அல்லது 6 என்று தனியாகப் போட்டிருக்கவேண்டும். மழையில் அறுபது மைல் வேகத்தில் ஓடாவிட்டாலும், சேர்விஸ் ஸ்ரேஷனில் பையன் குழாயால் அடிப்பது பீய்ச்சல்தான்.

இதெல்லாம் ஸ்பீக்கரின் முகத்துக்கு. தண்ணீர் வருவதோ முதுகுப்பக்கமாக. மைனரின் கதவில் கண்ணாடியை நனைக்கும் மழை, கண்ணாடி இறங்கும் இடுக்கால் கதவுக்குள்ளே வழியும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். கதவின் அடியில் வடிதுளைகள் உண்டு. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, அடியால் வருகிறதா என்று பாருங்கள். கோண்டாவில், சுன்னாகம் பக்கத்துக் கார்களில் வராது. செம்மண் புழுதி களியாகித் துளையை அடைத்திருக்கும். ஈர்க்கு ஒன்றை விட்டுக் கிளறுங்கள். கோப்பிபோல ஒரு கலங்கல் ஒழுகி, பிறகு தெளிந்த தண்ணீர் வரும்.

ஸ்பீக்கரின் முதுகுக்கு ஒரு தாழ்வாரம் வேண்டும். ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டியைக் குறுக்காக வெட்டி, மேற்பாதியைக் காந்தத்துக்கு மேல் வருமாறு பிடிப்பியுங்கள். கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். முழுதாக மூடினால் அதுவே கிணறாகிவிடும்.

காலையில் ஊமை, பத்து மணிக்குப் பேச்சு

இந்தப் பாடத்தை என் காசிலேயே படித்தேன். உறவுக்காரர் ஒருவரின் ரூறருக்கு, அம்பிளிபையரைப் பிளாஸ்ரிக் பெட்டியொன்றில் வைத்து, வயர் போகும் துளை, மூடியின் விளிம்பு எல்லாவற்றையும் சிலிக்கனால் அடைத்துக் கொடுத்தேன். காற்றுக்கூடப் போகாது என்று பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது. ஆறு கிழமை கழித்துத் திரும்பி வந்தது. மூடியை அறுத்துத் திறந்தால் அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர். செம்பு இணைப்புகள் துருசுபோல் பச்சை.

இரண்டு பிழை செய்திருந்தேன். வயர் மேலிருந்து பெட்டிக்குள் இறங்கியது. மழை வயரின் தோலைப் பிடித்துக்கொண்டு வந்து, சிலிக்கனில் மயிரளவு விரிசல் விழுந்த நாளிலிருந்து உள்ளே சொட்டியது. வந்த தண்ணீர் போக வழியில்லை. பகலில் ஆவியாகி இரவில் மூடியின் உட்புறத்தில் வியர்த்து, விடியும்போது சுற்றுப்பலகையில் சொட்டும். வெயில் ஏறினால் காய்ந்து செற் பாடும். காலை ஊமைக்குக் காரணம் அதுதான். இரண்டாவது, புளித்த வினாகிரி மணக்கும் சிலிக்கன். அந்த மணம் அசற்றிக் அமிலம், செம்பை அரிக்கும். மணமில்லாத நடுநிலைச் சிலிக்கனைத்தான் மின்வேலைக்குப் பாவிக்கவேண்டும்.

நம் பாட்டனார் வேய்ந்த கிடுகுக் கூரையில் ஆயிரம் ஓட்டை இருந்தது. மாரி முழுவதும் வீடு நனையவில்லை. கிடுகு தண்ணீரைத் தடுக்கவில்லை, வழிகாட்டி வெளியே அனுப்பியது. இப்போது நான் பெட்டியையும் அப்படித்தான் செய்கிறேன். வயர் எல்லாம் கீழிருந்து மேலேறி உள்ளே போகும். நுழையுமுன் அரைச் சாண் தொங்கி வளையும், தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டி விழுந்துவிடும். பெட்டியின் அடிமூலையில் ஐந்து மில்லிமீற்றர்த் துளை இரண்டு. அம்பிளிபையர் தரையில் இருக்காது, சுவரில் நிற்கும், முனைகள் கீழ்நோக்கி. ஒவ்வொரு ஒட்டும் உள்ளே பசை பூசிய சுருங்குகுழாயால் மூடப்படும். சுருக்கும்போது இரு ஓரத்திலும் பசை முத்துப்போல் வெளியே வந்தால்தான் ஒட்டு மூடியதாக அர்த்தம். மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்துச் சைக்கிள் ரியூப் கீற்றுச் சுற்றிய ஒட்டுகள் இன்னும் சில கார்களில் உண்டு. கண்டால் கும்பிட்டுவிட்டு அறுத்தெறியுங்கள்.

நடுப்பகலில் தானாக நின்று, நிழலில் விட்டால் பாடுகிறது

சூடு. அம்பிளிபையர் தன்னைக் காத்துக்கொள்கிறது. டாஷ்போட்டின் கீழே இரும்போடு ஒட்டிக் கிடந்தால் இருக்கைக்கு அடியில் காற்றுப்படும் இடத்துக்கு மாற்றுங்கள்.

கதவைத் திறந்தால் ஒரு பக்கம் போகிறது

கதவு மூட்டில் வயர் முறிந்திருக்கிறது. பாடவிட்டுக் கதவை ஆட்டிக்கொண்டே வயரை விரலால் நீவுங்கள், இடம் தானே தெரியும். ஈயம் பற்றவைத்த ஒட்டை மூட்டு வளையும் இடத்தில் வைக்காதீர்கள்.

சத்தம் இருக்கிறது, கனம் இல்லை

ஒரு ஸ்பீக்கரின் வயர் தலைகீழாக இருக்கலாம். 1.5 வோல்ற் ரோர்ச் பற்றரியை ஒவ்வொன்றிலும் தொட்டுப் பாருங்கள், எல்லாக் கூம்பும் ஒரே பக்கம் தள்ளவேண்டும். அதுவும் சரியென்றால் குறை காரில் இல்லை. கூரையுள்ள காரில் மூடிய அறை அடிச்சுருதியைத் தாங்கிக் கொடுக்கும். திறந்த காரில் அது ஆகாயத்துக்குப் போகிறது. பேஸ் திருகியைக் கூட்டினால் காலியாவது பற்றரிதான். ஸ்பீக்கரை முழங்காலைப் பார்க்க வைக்காமல் காதைப் பார்க்கச் சரித்து வையுங்கள்.

இரண்டு நாள் நிறுத்தினால் பற்றரி செத்துவிடுகிறது

ரிமோட் வயரைச் சாவிக்குப் பின்னால் எடுக்காமல் நேராகப் பற்றரியில் கொடுத்திருப்பார்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஏர்த் பிடியைக் கழற்றி, இடையே மீற்றரை அம்பியர் நிலையில் வையுங்கள். 50 மில்லி அம்பியருக்கு மேல் போகக்கூடாது. அதற்கே நாளுக்கு 1.2 அம்பியர்-மணி செலவாகிறது.

கடற்கரைக்குப் போய்வந்த கிழமையே கோளாறு

காரைநகர்க் கசூரினாவுக்கோ, பண்ணைப் பாலத்தால் குறிகட்டுவானுக்கோ போய்வந்தால் இரு பக்கத்துக் கடல்காற்றும் காருக்குள் உப்பைத் தூவிவிடும். அடுத்த நாள் பனியில் அந்த உப்பு இளகி முனைகளில் ஊறும். வந்த அன்றைக்கே ஈரத் துணியால் துடைத்து, முனைகளுக்குச் சிலிக்கன் கிரீஸ் பூசவேண்டும்.

இதைச் செய்தும் ஒருவருக்கு மூன்று மாதத்தில் முனைகள் வெண்பொடி பூத்தன. இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை, நேரில் பார்க்கலாமென்று அவர் வீட்டுக்கே போனேன். காரைக் கழுவி முடிக்கும் நேரம். “அண்ணை, எந்தக் கிணற்றுத் தண்ணீர்?” என்று கேட்டேன். பின்வளவுக் கிணற்றைக் காட்டினார். ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். உவர். குடிப்பதற்கு மட்டும் நல்ல தண்ணீர் வெளியிலிருந்து எடுக்கிறார்கள், கார் கழுவுவது இதில். கடல் உப்பைக் கழுவ அவர் கிழமைக்கு இரண்டு முறை உப்புத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இப்போது ஒரு வாளி நல்ல தண்ணீரைக் காருக்கென்று தனியாக எடுத்துவைக்கிறார்.